கோழிகள் இருந்த இத்தா

புருஷனைப் பறிகொடுத்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பாள். அதை இத்தா என்பார்கள். அரநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்த கபூர், தொண்ணூற்றேழாம் வருஷத்து மார்கழியில் மௌத்தானார். அவர் மனைவி ஹபீலாவும் அப்படித்தான் இத்தா இருந்தாள். அதில் புதினம் ஒன்றுமில்லை. அவளோடு சேர்ந்து அவளுடைய கோழிகளும் இத்தா இருந்ததுதான் புதினம். அதைக் கேளுங்கள், கண்ணுகளா.

கபூரின் கடை ரோட்டைப் பார்த்திருக்கும். கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல வீடு. வீடு ஹபீலாவின் வாப்பா கட்டியது. கபூர் மாப்பிள்ளையாக வந்து அதில் குடியேறியவர். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சின்ன முற்றம், அதில் கிணறு, கக்கூஸ், மூலையில் கோழிக்கூடு. முற்றம் முடிகிற இடத்திலேயே மலை எழும்பிவிடும். மலை முழுக்கத் தேயிலை. மற்ற வருஷங்களில் செடிகள் இடுப்புயரத்துக்கு அடர்ந்து நிற்பதால் மேலே நடக்கிறவர்களின் தலை மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் பார்த்து அந்த மலைக்குக் கவ்வாத்து வெட்டினார்கள். செடிகளையெல்லாம் முழங்காலளவுக்குக் கத்தியால் சீவிவிட்டதில் மலை மொட்டையாகிவிட்டது. மேலே நின்று பார்த்தால் ஹபீலாவின் முற்றம் உள்ளங்கையில் வைத்த மாதிரித் தெரிந்தது. கவ்வாத்து வெட்டுகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்.

கபூரின் அண்ணன் தாஸிம் நானா மாவனெல்லையில் லொறி வைத்திருப்பவர். ஜனாஸா அடக்கம் முடிந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, முற்றத்தை மறைத்ததுதான். சுற்றிவரத் தகரம் அடித்தார். அது போதாது, மலை மேலேயிருந்து பார்க்கிறதே என்று, லொறியை மூடுகிற கறுப்புப் படங்கைக் கொண்டுவந்து அடுக்களைக் கூரையிலிருந்து கோழிக்கூட்டுக் கூரைவரை இழுத்துக் கட்டினார். இனி வானத்தில் பறக்கிற காகம்கூட ஹபீலாவைப் பார்க்க முடியாது. வந்த சனமெல்லாம் மெச்சியது. தம்பி பெஞ்சாதிக்கு இப்படிச் செய்ய இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்றார்கள். ஹபீலாவும் படங்குக்குக் கீழே நின்று, அல்லாஹ் அவருக்கு நன்மையைக் கொடுக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

தாஸிம் பகலில் கடையைப் பார்த்துக்கொண்டார். அவருடைய மனைவி ஸுபைதா ஹபீலாவுக்குத் துணையாக வீட்டுக்குள் இருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மனசு மட்டும் மாவனெல்லையில் அவள் பூட்டிவிட்டு வந்த வீட்டிலேயே கிடந்தது.

அந்த மார்கழி, தையில் குளிர் எலும்புக்குள் போனது. காலை பத்து மணிவரை மலையிலிருந்து வெள்ளைப் புகை மாதிரிப் புகார் இறங்கியபடியே இருக்கும். கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு, பந்து மாதிரி உடம்பை ஊதிக்கொண்டு கூட்டுக்குள்ளேயே நின்றன. முட்டை நின்றுபோயிற்று. ஹபீலா கவலைப்படவில்லை. ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு நிற்கும், மாசி வெயில் பட்டதும் கொக்கரிக்கத் தொடங்கும். கோழிகளுக்குக் குளிரக்கூடாது என்று கூட்டின் கம்பிவலையைச் சுற்றி இரண்டடுக்குச் சாக்குக் கட்டினாள். அது அவள் செய்த உபகாரம்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள், கடைக்கும் வீட்டுக்கும் இடையில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் தாஸிம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இத்தா இருக்கிறவளோடு அவர் நேராகப் பேசமாட்டார். ஸுபைதா திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஸுபைதா, இத்தா முடிஞ்சா என்ன யோசன எண்டு கேளு."

"இத்தா முடிஞ்சா என்ன யோசன எண்டு கேக்கிறார்."

"எனக்குக் கேட்டிச்சி மச்சி," என்றாள் ஹபீலா. "இங்கதான் இருப்பன் எண்டு செல்லுங்க."

"இங்கதான் இருப்பாளாம்."

"எனக்கும் கேட்டிச்சி. எதத் திண்டு இருப்பா எண்டு கேளு."

ஸுபைதா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்னத்துக்கு நடுவில நிக்கிறன், அனே. அந்தத் துணிக்கு வாய் ஈந்தா அதுவே செல்லிப்போடும்."

"கோழி ஈக்கி," என்றாள் ஹபீலா. "அவர் ஈக்கக்குள்ளயும் கறி காய்க்குக் கோழிதான் பாத்தது. ரொட்டிக் கடைக்கு என்ட முட்டதான். லயத்தில புள்ள பெத்தாலும் என்ட முட்டதான் தேடி வருவாங்க."

திரைக்கு அந்தப் பக்கம் தாஸிம் செருமினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஒரு காரியத்தை எடுத்தால் முடித்து மூடிவிட்டுத்தான் நித்திரைக்குப் போவார், அவ்வளவுதான். கடையை இன்னொருவருக்குக் கொடுக்கப்போவதாகவும், வருகிற ஆளுக்கு இருக்க வீடும் வேண்டுமென்றும் சொன்னார். ஹபீலாவின் தம்பி றிஸாத் எம்பிலிப்பிட்டியவில் இருக்கிறான், அவன் வீட்டில் ஒரு மூலை இல்லாமலா போய்விடும் என்றார். பிறகு, நியாயம் தவறக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஊடு அவட வாப்பாட ஊடு, நான் பறிக்கிற இல்ல. இத்தா முடியிற நாளைக்கு றிஸாத் வேன் கொண்டு வருவான். அதுக்குள்ள அந்தக் கோழிகள் ஒரு பொம்புளைக்குச் சோறு போடும் எண்டு நான் கண்டா, வாயத் தொறக்க மாட்டன். இல்லாட்டி, அண்டைக்கு வாற ஆக்களுக்கு அதுகள்தான் கறி. செல்லு."

"கேட்டிச்சா?" என்றாள் ஸுபைதா.

"கேட்டிச்சி."

எம்பிலிப்பிட்டிய வீட்டு மூலை எப்படியிருக்கும் என்று ஹபீலாவுக்குத் தெரியும். தம்பி நல்லவன். ஆனாலும் அடுக்களைக்குப் பக்கத்தில் பாய் விரிப்பார்கள். அரிசிப் பேணியை அவள் திறந்தால் தம்பி பெஞ்சாதி திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள். சாகும்வரை அந்தப் பார்வைக்குக் கீழே இருக்கவேண்டும். அதை நினைத்தால் கறுப்புப் படங்கு பரவாயில்லை என்றிருந்தது.

மாசி பிறந்தது. புகார் விலகியது. மலைக்கு மேல் வெயில் எப்படி அடிக்கிறது என்று அவளுக்குச் சத்தத்தில் தெரிந்தது. தகரம் சூடேறி டக் டக்கென்று வெடிக்கும், அடுத்த மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் தலைக்குச் சாக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவார்கள். முற்றத்தில் மட்டும் எந்நேரமும் மஃரிபுப் பொழுது, அந்தி இருட்டு. படங்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக நடுப்பகலில் ஒரு கையகல வெயில் கீழே விழும். கிணற்றடியில் தொடங்கி, வாழைக்குட்டியைத் தொட்டு, தகரத்தில் ஏறி மறையும். ஹபீலா அதற்காகக் காத்திருந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வெயிலில் பாதத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். அதே நேரம் பார்த்துக் கோழிகளும் கூட்டை விட்டு வந்து அந்த இடத்துக்கே முண்டும். "போங்கடி, உங்களுக்கு வேற எடம் இல்லையா?" என்று காலால் தள்ளுவாள். அவை நகர்ந்துவிட்டு, வெயில் நகர நகர அதன் பின்னாலேயே போகும். செம்பி, புள்ளி, கறுப்பி, மொட்டைக் கழுத்தி என்று ஊர்வலம் மாதிரி.

வாசலைத் தாண்டாத நாட்களில் பகலுக்கு நீளம் கூடிவிடும் பிள்ளைகளே. முதல் சில கிழமைகள் சொந்தக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களுக்கும் வேலை வந்துவிட்டது. கடையில் சாமான்களை இடம் மாற்றுகிற சத்தம் கேட்கும். கபூர் சீனி மூட்டை வைத்த மூலையில் இப்போது என்ன வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க முடியாது. நாற்காலி இழுபடும், தராசுத் தட்டு கிணுங்கும், சிரிப்பார்கள். அவளுடைய வீடு அவளுக்குத் தெரியாமலே ஒவ்வோர் அடியாகச் சுருங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. காலையில் கூட்டுக்குள் கைவிட்டுத் தடவுவாள். வைக்கோல் குளிர்ந்து கிடக்கும்.

மேலே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிற மருதாயி, கொழுந்து நிறுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது தகரத்துக்கு வெளியே நின்று குரல் கொடுப்பாள்.

"ஹபீலாக்கா, இருக்கீங்களா?"

"எங்க போக? ஈக்கிறன்."

"நம்ம லயத்துக் கோழிங்க கத்துற கத்துல புள்ள தூங்க மாட்டேங்குதுக்கா. வாசப்படியில போடுது, விறகுல போடுது, எங்க வூட்டுக்காரரு கம்பளிக்குள்ளகூட ஒண்ணு போட்டு வச்சிருக்கு. அவரு புரண்டு படுத்து, காலையில பாத்தா கம்பளியெல்லாம் மஞ்சள்."

ஹபீலா சிரித்தாள். சிரித்து முடிந்ததும் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "என்டது ஒண்டும் போடுற இல்ல மருதாயி."

"இன்னமுமா? என்னாத்தக் குடுக்குறீங்க?"

என்னதான் கொடுக்கவில்லை! குருணையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தாள். மிளகைத் தட்டிப் போட்டாள். கருவாட்டுத் தலையை இடித்துத் தவிட்டில் பிசைந்தாள். கோழிகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஒரு மூலையில் போய்க் கண்ணை மூடின. மௌத்து வீட்டுக் கோழிக்கும் துக்கம் இருக்காதா என்றாள் ஸுபைதா. கண்ணூறு என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் அவளுக்கே இருமல் வந்து, கடையிலிருந்து தாஸிம், "யாரு அங்க சாகிற?" என்று கத்தினார்.

ஒரு நாள் மொட்டைக் கழுத்தியைக் காணோம். சாம்பல் கொட்ட ஸுபைதா தகரத்துக் கதவைத் திறந்தவள் சாத்த மறந்திருக்கிறாள். கீரி பிடித்திருக்கும் என்றார்கள். ஹபீலா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு கோழிக்குப் போய்!" என்று ஸுபைதா சோற்றுக் கோப்பையை நீட்டிக்கொண்டே நின்றாள். ஒரு கோழிக்கு இல்லை. அந்தக் கோழி தகரத்துக்கு வெளியே போனதே, கீரி வாயில் போனாலும் போனதே, என்று அவள் மனசு ஒரு நிமிஷம் அதன் மேல் பொறாமைப்பட்டது. அந்த நினைப்புக்குத்தான் பயந்துபோய்ச் சாப்பிடாமல் இருந்தாள்.

பங்குனி பிறப்பதற்கு முன்னால், மருதாயி கொழுந்துக் கூடையோடு தகரத்துக் கதவைத் தட்டி உள்ளேயே வந்துவிட்டாள். கூடைக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு மொட்டைக் கழுத்தி.

"இந்தாங்க, உங்க ஊட்டு ராசாத்தி. நம்ம விறகுக்குப் பின்னாலயே கெடந்துருக்கா. எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. எங்க சேவலோட சண்டையாப் போட்டு, இப்ப சம்சாரம் பண்ணிக்கிட்டு இருக்கா. இதையும் புடிங்க." முந்தானையை அவிழ்த்தாள். மூன்று முட்டைகள். ஒன்றில் இன்னும் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"இவ போட்டதா?"

"பின்ன நானா போட்டேன்?"

ஹபீலா கோழியை வாங்கி மார்போடு அணைத்தாள். கோழி சூடாக இருந்தது. கொண்டை செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்து, கொழுகொழுவென்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மெல்லக் கீழே விட்டாள். மற்றக் கோழிகள் சுற்றி வந்து புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. செம்பியின் கொண்டை பழைய சீலைத் துண்டு மாதிரி வெளிறி, சுருங்கிக் கிடந்தது. கறுப்பியினுடையதும் அப்படியே. புள்ளிக்குக் கொண்டையே இல்லாத மாதிரி.

"லயத்தில என்ன திண்டிச்சி?"

"என்னாத்தத் திங்கும்? சோத்துப் பருக்க, தண்ணிப் பீலியடிப் புழு. நாங்க என்ன மிளகு தட்டியா போடுறோம்?"

அப்போது நடுப்பகல். கிழிசல் வழியாக அந்தக் கையகல வெயில் விழுந்தது. கோழிகள் ஒன்றும் பேசாமல் எழும்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அதற்குள் போய் நின்றன. மொட்டைக் கழுத்தி மட்டும் போகவில்லை. அதற்கு அது தேவைப்படவில்லை. ஹபீலா தன் கையை நீட்டி அந்த வெயிலில் வைத்துப் பார்த்தாள். விரலும் நகமும் ஒரே நிறம், செம்பியின் கொண்டை நிறம்.

அண்ணாந்து படங்கைப் பார்த்தாள். பிறகு கூட்டைச் சுற்றித் தன் கையாலேயே கட்டிய சாக்கைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்," என்றாள். "இதுகள் என்ன பாவம் செஞ்சிச்சி? இதுகள்ட புருஷனா மௌத்தாகின?"

சாக்கை அன்றைக்கே அறுத்தெறிந்தாள். படங்கை என்ன செய்வது? அதை எடுத்தால் கோழிகளுக்கு வெயில் வரும். மேலே நிற்கிற ஆம்பிளைகளின் கண்ணும் வரும். கவ்வாத்து முடிந்தாலும் பாத்தி கொத்த, உரம் போட என்று மலையில் ஆள் இருந்துகொண்டேதான் இருக்கும். எடுக்காவிட்டால் எம்பிலிப்பிட்டிய மூலை. மருதாயி ஒரு வழி சொன்னாள். "நான் எல்லாத்தையும் லயத்துக்குக் கொண்டு போறேங்க, அங்க போடட்டும்." ஹபீலா யோசித்து, வேண்டாமென்று தலையாட்டினாள். தாஸிம் கண்ணால் பார்க்கவேண்டும் என்றவர். லயத்தில் போடுகிற முட்டை அவருக்கு லயத்து முட்டைதான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளே ஸுபைதாவைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"படங்கக் கழட்டச் செல்லுங்க மச்சி."

ஸுபைதா வாயைப் பிளந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"அவக்குப் பைத்தியமா எண்டு கேளு. இன்னம் ஒண்டர மாசம் ஈக்கி."

"நான் முத்தத்துக்குப் போற இல்ல," என்றாள் ஹபீலா. "உள் ரூமுக்குள்ள இருப்பன். சுபஹுக்கு முந்தி ஒருக்கா, மஃரிபுக்குப் பொறகு ஒருக்கா, கிணத்தடிக்கு இருட்டோட போய் வந்துடுவன். பகலையில யாரு எங்க நிண்டு பாத்தாலும் கோழியத் தவிர ஒண்டும் தெரியாது."

உள் ரூமைத் தாஸிமுக்கும் தெரியும். ஜன்னல் மலையைப் பார்ப்பதால் அதற்கும் அவர்தான் பலகை அடித்திருந்தார். ஒரு மஞ்சள் பல்ப், ஒரு கட்டில், தொழுகைப் பாய்.

"அதுக்குள்ள எப்பிடி இருக்கிற எண்டு கேளு," என்றார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"இப்ப எப்பிடி இருக்கிறனோ அப்பிடி."

படங்கைக் கழற்றிய நாளில் ஹபீலா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கயிறு அவிழ்ந்து, படங்கு சரிந்து, முற்றத்துக்குள் வெயில் தொம்மென்று விழுந்தது. கோழிகள் முதலில் பயந்து கூட்டுக்குள் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக வந்து, சிறகை விரித்து, மண்ணில் பக்கவாட்டாகச் சாய்ந்து செத்ததுபோலக் கிடந்தன. அவள் கதவைச் சாத்திவிட்டு உள் ரூமுக்குப் போனாள். அவளுக்கென்று இருந்த கையகல வெயிலும் அதோடு போயிற்று.

அந்த ரூமைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், உங்களுக்கு மூச்சு முட்டும். பலகை இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது மஞ்சளானால் நடுப்பகல் லுஹர், சிவந்தால் மஃரிபு. பகலில் படுத்தால் இரவா பகலா என்று குழம்பி எழும்புவாள். சிலவேளை கபூர் கடையில் இருமுகிற மாதிரி இருக்கும். எழும்பி உட்கார்ந்தால் அது தாஸிமின் இருமல். இரண்டு பேருக்கும் ஒரே இருமல். அது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக வதைத்தது.

கோழிகளை அவள் காதால் வளர்த்தாள். செம்பி தண்ணீர்ச் சட்டியில் அலகை அடித்துக் குடிக்கும். கறுப்பி சறுக்கி நடக்கும். ஸுபைதா பகலில் மூன்று தரமாவது கதவைத் திறந்து, "இன்னம் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போவாள். முதலில் அலுப்போடு சொன்னாள். பிறகு அவளே கவலையோடு சொன்னாள். பிறகு, ஒரு நாள் தாஸிம் பகல் சோற்றுக்கு வந்தபோது, "மெதுவா நடங்க, கோழி பயப்பிடும்," என்று அவரை அதட்டினாள்.

"இவளுக்கும் புடிச்சிட்டு," என்றார் அவர்.

ஒரு காலையில் கூட்டுப் பக்கம் ஒரு கேறல் கேட்டது. நீளமாக, சந்தேகத்தோடு, கேள்வி கேட்பதுபோல. ஹபீலா தஸ்பீஹ் மணியை அப்படியே பிடித்துக்கொண்டாள். கேறல் நின்றது. திரும்பத் தொடங்கியது. பிறகு முற்றமே அதிரும்படி செம்பி கொக்கரித்தாள். என்னைப் பார், என்னைப் பார் என்று அடங்கவேயில்லை. ஹபீலா எழும்பிக் கதவுவரை ஓடினாள். கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். வெளியே பகல். கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். முற்றத்தில் ஸுபைதாவின் பெரிய கால்கள் தடதடக்கிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. உள்ளங்கையில் முட்டை. சூடு ஆறவில்லை. ஹபீலா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பலகை இடுக்கின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி அழுதாள். கபூர் போன அன்றைக்கு அழுததைவிட அதிகம் அழுதாள் என்று ஸுபைதா பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கும்.

பிறகு புள்ளி போட்டாள், கறுப்பி போட்டாள். மருதாயி வீட்டுச் சேவலும் தகரத்துக்கு மேலாகப் பறந்து வந்து போகத் தொடங்கியது. கூடை நிறைந்தது. ஸுபைதா ரொட்டிக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். தாஸிம் பார்த்தார். பார்த்துவிட்டு, "தொடங்கின புதுசில போடும். நாலு நாள் போட்டுட்டு நிக்கும். அத நம்பி ஒரு பொம்புளைய உட்டுட்டுப் போகலுமா? வேனுக்குச் செல்லியாச்சி," என்றார்.

அந்த நேரம்தான் மொட்டைக் கழுத்தி கூட்டை விட்டு எழும்பாமல், இறகை விரித்துக்கொண்டு, கிட்டப் போனால் சீறத் தொடங்கினாள். அடைக்கு வந்துவிட்டாள். முற்றத்து வெளிச்சத்திலும் மற்றக் கோழிகளின் தொல்லையிலும் அவளால் நிலையாக உட்கார முடியவில்லை. அடைக்கோழிக்கு இருட்டு வேண்டும், சத்தம் கூடாது, யாரும் அசைக்கக் கூடாது.

"அவளையும் முட்டையையும் இங்க கொண்டாங்க மச்சி," என்றாள் ஹபீலா. "இருட்டு என்னட்டத்தான் ஈக்கி."

கடகத்தில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து, மொட்டைக் கழுத்தியை மேலே இருத்திக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அன்றிலிருந்து அந்த ரூமுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். கோழி நாளுக்கு ஒருதரம் இறங்கித் தண்ணீர் குடித்து, அவசரமாக நாலு தானியம் கொத்தி, திரும்ப ஏறும். இவள் தொழுதுவிட்டு, குனிந்து பார்ப்பாள். இரண்டு மஞ்சள் கண் இவளைப் பார்க்கும். "நீயாவது என்னத்துக்கு இருக்கிற எண்டு தெரிஞ்சி இருக்கிறாய்," என்று அதனிடம் ஒரு நாள் சொன்னாள்.

இத்தா முடிந்த காலையில் றிஸாத் வேனோடு வந்தான். எம்பிலிப்பிட்டியவிலிருந்து இருட்டோடு புறப்பட்டவன். தம்பி என்பதால் நேரே உள்ளே வந்தான்.

"ராத்தா, உடுப்பெல்லாம் கட்டியாச்சா?"

"சத்தம் போடாத. கீழ பாரு."

அவன் முழங்காலில் குனிந்தான். கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு சீறல். விரலை உதறிக்கொண்டு எழும்பினான். "அல்லாஹ்! கொத்திப்போட்டுது!"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து தாஸிம், "என்ன சுணக்கம்?" என்றார்.

"அடையில ஈக்கியாம்," என்றாள் ஸுபைதா.

"யாரு?"

"கோழி. வேற யாரு, நானா?"

"கடகத்தோட தூக்கி வேன்ல வைங்க."

"எம்பிலிப்பிட்டிய போகுமட்டும் அந்த ரோட்டில குலுங்கினா எல்லாம் கூமுட்டையாப் போகும் நானா," என்றான் றிஸாத், விரலை வாயில் வைத்துக்கொண்டே. "எங்கட உம்மா அடைக்கோழி ஈந்தா எங்கள அந்தப் பக்கம் தும்மக்கூட உடமாட்டா."

தாஸிமுடைய உம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பாள். அடைக்கோழியை எழுப்பினவன் என்ற பேர் அவருக்கும் வேண்டாம்.

ஹபீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்து நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு கடையை அப்போதுதான் பார்த்தாள். சீனி மூட்டை இருந்த மூலையில் சவர்க்காரப் பெட்டிகள் இருந்தன.

"நானா."

ஸுபைதா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

"இவ எழும்ப இன்னம் ரெண்டு கெழம ஈக்கி," என்றாள் ஹபீலா. "பொறகு குஞ்சு. குஞ்சு தாய உட்டுப் பிரியிறதுக்கு முந்தி செம்பி அடைக்கு வந்துடுவா. அவ எழும்ப, கறுப்பி."

"அப்ப இது எப்ப முடியிற?"

"முடியிற இல்ல நானா."

தாஸிம் தலையைக் குனிந்து தராசுத் தட்டைப் பார்த்தார். வாசலில் ரொட்டிக் கடைக்காரப் பையன் வந்து நின்று, முட்டை இருக்கா என்று கேட்டான். இருக்கு, நில்லு என்றாள் ஸுபைதா, முதலாளி மாதிரி. தாஸிம் பெருமூச்சு விட்டார்.

"கடைக்கு வாற ஆளுக்கு ஊடு இல்ல எண்டு செல்லோணும்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, "அப்ப இண்டைக்குக் கறி என்ன?"

"முட்டக் குழம்பு," என்றாள் ஸுபைதா. "திண்டுட்டு அந்த வேன்லயே என்ன மாவனெல்லையில எறக்கி உடச் செல்லுங்க. எனக்கும் ஊடு ஈக்கி."

சாப்பிட்டு எல்லாரும் போனபோது மடித்த படங்கு வேனின் கூரையில் கட்டியிருந்தது. ஹபீலா பின்கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கினாள். நல்ல உச்சி வெயில். கண்ணைத் திறக்க முடியவில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, தகரத்துக் கதவைத் திறந்து மருதாயியின் லயம்வரை போய்வரலாம் என்று நினைத்துத்தான் இறங்கினாள். கால் கிணற்றடிவரை போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. யாரோ கட்டிவைத்த மாதிரி நின்றுவிட்டது. மேலே மலையில், வெட்டின செடியெல்லாம் புதுக் கொழுந்து விட்டு இளம்பச்சையாக எழும்பியிருந்தது. ஒரு பெண் குனிந்து இவளைப் பார்த்துக் கை காட்டினாள்.

நாளைக்குப் போகலாம் என்று ஹபீலா செருப்பைக் கழற்றினாள். வழக்கமாக நிற்கிற இடத்தைக் கண்ணால் தேடினாள். முற்றம் முழுக்க வெயிலாக இருந்ததில் அந்த இடம் எதுவென்று தெரியவில்லை. கோழிகள் தூரத்தில், அவரவர் வேலையாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.